‘ஆம்’ என்று எழுதியவர்

மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, நண்பகலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், நார்த் பெல்டன் ஊர்மக்கள், ஆண்டுக்கு ஒருமுறை ஊரார் கூடிப் பேசி வாக்களிக்கும் தங்கள் ஊர்க்கூட்டத்திற்குத் தாங்களே முடிவு கட்டினர். முடிவு கட்டலாம் என்று அறுபத்து நான்கு பேரும், வேண்டாம் என்று அறுபத்தோரு பேரும் சீட்டில் எழுதியிருந்தனர். அவைத்தலைவி மேவிஸ் கில்மன் அந்த எண்களை இருமுறை வாசித்தார். மரச்சுத்தியலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“எட்டாவது தீர்மானம் நிறைவேறிடுச்சு. இப்ப சாப்பாடு. ஒண்ணேகாலுக்கு ஒன்பதாவதை எடுப்போம். தயவுசெஞ்சு யாரும் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு அடுப்பு பக்கம் போகாதீங்க, போன வருஷம் மாதிரி.”

பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், மூன்றாம் வரிசையின் கடைசி நாற்காலியில் ஆர்லன் டீபோ அமர்ந்திருந்தார். வயது எழுபத்தாறு. அவ்வூரின் மண்சாலைகளை முப்பத்தேழு ஆண்டுகள் கிரேடர் வண்டியால் சமன் செய்து ஓய்வு பெற்றவர். வாக்குரிமை வந்த நாள் முதல் ஒரு கூட்டத்தையும் தவறவிடாதவர். மனைவி இறந்த வாரத்தில்கூட வந்திருந்தார். வீட்டில் இருந்து என்ன செய்வது என்று கேட்டாராம். அப்படிப்பட்டவர் இன்று தம் சீட்டில் ‘ஆம்’ என்று எழுதியிருந்தார். இச்செய்தி அவரைத் தவிர அக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

எட்டாவது தீர்மானம் சொன்னது இவ்வளவுதான். அடுத்த ஆண்டு முதல் ஊரார் ஓரிடத்தில் கூட வேண்டியதில்லை. வரவுசெலவும் சாலையும் பள்ளியும் நாய் உரிமமும் அச்சிட்ட கேள்விகளாகத் தபாலில் வீட்டுக்கு வரும். ஆம் என்றோ இல்லை என்றோ கட்டத்தில் குறியிட்டுத் திருப்பி அனுப்பிவிடலாம். வேலைக்குப் போகிறவர்களால் செவ்வாய்க்கிழமை பகலில் எப்படி வர முடியும் என்பது ஒரு தரப்பின் வாதம். அச்சிட்ட கேள்வியில் ஒரு சொல்லையும் எவராலும் திருத்த முடியாதே என்பது மறுதரப்பின் வாதம். இரண்டும் உண்மை. ஆகவே ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். இறுதியில் எழுவர் எழுந்து, கை தூக்கும் வாக்கு வேண்டாம், சீட்டுதான் வேண்டும் என்று கேட்டனர். எழுவர் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது விதி.

ஆர்லனின் கை தன்னை மறந்து எழுதியது என்று சொல்வதற்கில்லை. அவர் நன்றாக யோசித்தே எழுதினார். அவர் யோசித்தது ஒரு குழாயைப் பற்றி.

கல்லுடைப்புச் சாலை ஓடையைக் கடக்கும் இடத்தில், மண்ணுக்கு அடியில் பதினெட்டு அங்குலக் குழாய் ஒன்று கிடந்தது. அதை இருபத்தெட்டாம் வயதில் பதித்தவரே ஆர்லன்தான். அந்நாளைய மழைக்கு அது போதும். இப்போதைய மழைக்குப் போதாது என்பதை அறிய அவருக்குப் படிப்பு தேவைப்படவில்லை. ஓடைக்கரையில் புல் எந்த உயரத்தில் படுத்துக் கிடக்கிறது என்று பார்த்தாலே போதும். எனவே சென்ற ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, நான்கடிக் குழாய் போடச் சொன்னார். மழை கூடிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னார். பருவநிலை மாற்றம் கட்சிச் சண்டையாகிவிட்ட நாட்டில், சண்டை மூள அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது.

“டிவியில சொல்றதை இங்க வந்து ஒப்பிக்காத, ஆர்லன்!” என்று பக்கத்து வரிசையிலிருந்து கத்தியவர் ராய்ஸ் பெல்கி. பால் டேங்கர் ஓட்டுபவர். அதே கல்லுடைப்புச் சாலையின் கடைசி வீட்டுக்காரர். இருபது ஆண்டுகளாக ஆர்லனோடு சேர்ந்து விறகு பிளந்தவர். உடனே ஆர்லனுக்கு ஆதரவாகச் சிலர் எழுந்து, ராய்ஸைப் படிக்காத முட்டாள் என்றனர். ராய்ஸின் பக்கத்தவர்கள் எழுந்து, வாஷிங்டனில் இருப்பவர்களின் பெயர்களைச் சொல்லி ஏசினர். ஓடையை ஒருவரும் கேட்கவில்லை. தம்மை எதிர்த்தவர்களைவிடத் தமக்காகக் கத்தியவர்களைக் கண்டே ஆர்லன் அதிகம் கூசினார். தீர்மானம் தோற்றது. ஜூலையில் ஒரே மழையில் சாலை அறுந்து, ராய்ஸின் வீடு ஒன்பது நாள் தனித்தீவாகக் கிடந்தது. அதன் பிறகு, போன பொருளுக்கு ஈடான பொருளையே வைக்கலாம் என்ற வெள்ள நிவாரண விண்ணப்ப விதிப்படி, அதே இடத்தில் மீண்டும் பதினெட்டு அங்குலக் குழாயையே பதித்தார்கள்.

ராய்ஸ் வெட்கத்தால் பேசவில்லை; ஆர்லன் வீம்பால் பேசவில்லை. தொலைக்காட்சியை ஆர்லன் பரணில் ஏற்றிவிட்டார். தேர்தல் காலத்தில் பல்லைக் காட்டும் முகங்களோடு வந்து குவிந்த அட்டைகளை, அடுப்பு மூட்டக்கூடப் பயன்படாத வழவழப்புத் தாள் என்று திட்டிக்கொண்டே குப்பையில் போட்டார். நவம்பரில் சாவடிக்குப் போய், வரிசையில் நின்று, சீட்டில் பெரிய பதவிகளுக்கான மேல்வரிகளை வெற்றாக விட்டுவிட்டு, மயானக் குழு உறுப்பினருக்கு மட்டும் குறியிட்டுத் திரும்பினார். மனிதர்கள் கூடிப் பேசினால் காரியம் நடக்கும் என்று ஐம்பத்தைந்து ஆண்டுகள் நம்பிய ஒருவர், பேசுவதே காரியத்தைக் கெடுக்கிறது என்ற முடிவுக்கு வந்திருந்தார். ஆகவே ‘ஆம்’ என்று எழுதினார். கிழட்டு மாட்டைக் கொட்டிலில் வைத்து வதைப்பதைவிட அனுப்பிவிடுவது நல்லது என்பது அவர் எண்ணம்.

சாப்பாட்டு மேசைகளுக்கு வின்னி கோபர்ன் அரசி. நாற்பது ஆண்டுகளாக அக்கூட்டத்தின் மதிய உணவை அவரே நடத்துகிறார். கரண்டியைக் கையிலும் ஊரை மனத்திலும் வைத்திருப்பவர். ஆர்லனின் தட்டில் வேகவைத்த பீன்ஸையும் பன்றித்தொடைத் துண்டையும் வைத்தபடி, தலையைக் குனிந்து பேசினார்.

“ஆர்லன், மூஞ்சியைத் தொங்கப் போடாத. இன்னும் முடியல.”

“எண்ணியாச்சே.”

“எண்ணினா? விதிப் புத்தகத்தை நான் படிச்சிருக்கேன், மேவிஸ் மட்டும்தான் படிச்சாளா? அடுத்த தீர்மானத்தை எடுக்கிற வரைக்கும் இதைத் திரும்ப எடுக்கலாம். மேவிஸ் பசியில சுத்தியலைத் தட்டிட்டா, ஒன்பதாவதைத் தொடவே இல்ல. ஒரு மணி நேரம் கதவு திறந்து கிடக்கு.”

“திரும்ப எடுத்தா மட்டும்?”

“கண்ணைத் திறந்து பாரேன். கோட்டை மாட்டிக்கிட்டு யார் யார் கிளம்புறாங்கன்னு. வேலைக்குப் போறவங்க, இந்த ஒரு ஓட்டுக்காக ரெண்டு மணி நேரம் லீவு சொல்லிட்டு வந்தவங்க. ஒண்ணேகாலுக்கு மிச்சம் இருக்கப் போறது நம்மள மாதிரி எழுபது கிழடுங்கதான். இருபது ஓட்டுல ஜெயிப்போம்.”

ஆர்லன் ரொட்டியைப் பிட்டார். “பின்ன எடுக்க வேண்டியதுதானே.”

“அங்கதான் முடிச்சு. தோத்தவங்க கேட்க முடியாது. ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவன் ஒருத்தன் எந்திரிச்சு, ‘நான் ஆமான்னு போட்டேன், இப்ப மனசு மாறிட்டேன்’னு வாய்விட்டுச் சொல்லணும். ஒரே ஒருத்தன் போதும். ஏழு மேசை சுத்திட்டேன். ஒருத்தனும் சிக்கல. எல்லாரும் ‘இல்லை’ன்னு போட்டோம்னு சத்தியம் பண்றாங்க. அப்ப அந்த அறுபத்து நாலு பேர் யாரு, கல்லறையிலருந்து வந்தாங்களா?”

“என்னைக் கேட்கலையே?”

வின்னி சிரித்தார். அது கேலிச் சிரிப்புகூட அல்ல. நேரத்தை வீணாக்காதே என்னும் சிரிப்பு.

“உன்னைக் கேட்கிறதும் மாதாகோவில் மணிக்கூண்டைக் கேட்கிறதும் ஒண்ணு. காலையில வாசல்ல நின்னு ஆள் எண்ணினப்பவே உன் பேரை ‘இல்லை’யில முதல்ல எழுதிட்டேன். சும்மா சாப்பிடு. நீயே சொல்லேன், அடுத்த வருஷம் அந்தக் குழாயைப் பத்தி யார்கிட்ட போய்ப் பேசுவ? தபால்காரன்கிட்டயா?”

அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ஆர்லனின் தட்டில் பீன்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.

தபால்காரனிடம் பேச முடியாது என்பது ஆர்லனுக்குத் தெரியாததன்று. வருகிற மழைக்கு அந்தப் பதினெட்டு அங்குலம் மீண்டும் பிளக்கும். அடுத்த ஆண்டுச் சீட்டில், ‘சாலைப் பராமரிப்புக்கு இவ்வளவு தொகை, ஆமா இல்லையா’ என்று மட்டும் இருக்கும். குழாயின் அளவைக் கேட்கும் கட்டம் அதில் இராது. இதை அவர் காலையிலேயே அறிந்திருந்தார். காலையில் அது பொருட்டாகத் தோன்றவில்லை. இப்போது தோன்றியது என்றால், வாதம் எதுவும் அவரை மாற்றிவிடவில்லை. தம் பெயரை ஒருத்தி கேட்காமலேயே ஒரு பட்டியலில் முதலில் எழுதியிருக்கிறாள் என்பதுதான் உறுத்தியது.

எழுந்தால் ஊர் முழுவதற்கும் தெரியும். எழாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. கணக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது.

ஒன்றேகாலுக்குச் சுத்தியல் விழுந்தது. ஆர்லன் தம் நாற்காலியில் வந்து அமர்ந்தார். சுற்றிலும் ஏறத்தாழப் பாதி வெற்று நாற்காலிகள்.

அவர் தரையைப் பார்த்தார். அது அவர் தொழிற்பழக்கம். பனி இளகும் மார்ச்சில் நார்த் பெல்டன்காரர்கள் எங்கே போனாலும் தங்கள் சாலையைப் பூட்ஸில் கொண்டுபோவார்கள். வெற்று நாற்காலி ஒவ்வொன்றின் அடியிலும் உருகிய நீரும் சேறும் திட்டாகக் கிடந்தன. ஆற்றோரச் சாலையின் களிமண் சாம்பல் நிறம். மேட்டுச் சாலையின் மண் செம்பழுப்பு. கல்லுடைப்புச் சாலையில் கருஞ்சல்லித் தூள் கலந்திருக்கும். ஆள் போன பின்னும், இன்ன இடத்தில் இன்னார் இருந்தார் என்று அவரால் சொல்ல முடிந்தது. செம்பழுப்புத் திட்டுகள் பலகைத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். சாம்பல் திட்டில் பாதி, முதியோர் இல்லத்தில் பகல் நேரப் பணி பார்க்கும் பெண்கள். ஐந்தாம் வரிசையில், சுவரோரம், கருஞ்சல்லித் திட்டு ஒன்று, அகன்ற இரு பாதங்களின் வடிவில். ராய்ஸ் பெல்கி.

அவர்கள் வந்தார்கள், எழுதினார்கள், எண்ணி அறிவித்ததைக் கேட்டார்கள், நம்பிக்கொண்டு போனார்கள்.

“ஒன்பதாவது தீர்மானத்துக்குப் போறதுக்கு முன்னாடி,” என்று மேவிஸ் தொடங்கினார். வின்னி அவரிடம் முன்பே சொல்லிவைத்திருக்க வேண்டும். “எட்டாவதை மறுபடி எடுக்கணும்னு முன்மொழிய யாராவது இருக்கீங்களா? ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவங்களுக்கு மட்டும்தான் உரிமை. ஒரு தடவை கேட்டாச்சு.”

வின்னி சமையலறைக் கதவருகே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ரெண்டு தடவை கேட்டாச்சு.”

ஆர்லன் எழுந்தார். முழங்கால் ஒத்துழைக்காததால் எழுவதற்குச் சற்று நேரம் பிடித்தது. பின்னால் யாரோ, “போச்சு, திரும்பவும் குழாயா?” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“ஆர்லன், இது பேச்சுக்கான நேரமில்ல,” என்றார் மேவிஸ். “ஜெயிச்ச பக்கம்...”

“நான் ஆமான்னுதான் போட்டேன்.”

வின்னியின் கைகள் கட்டவிழ்ந்தன, மீண்டும் கட்டிக்கொண்டன.

மேவிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “சரி. பதிவுக்காகக் கேட்கிறேன். மறுபடி எடுக்கணும்னு முன்மொழியறீங்களா?”

“வழிமொழியறேன்!” என்று முன்வரிசையில் ஒரு கிழவர் அவசரப்பட்டுக் கத்தினார்.

“இருய்யா, அவர் இன்னும் முன்மொழியவே இல்ல.”

ஆர்லன் அந்தக் கருஞ்சல்லித் திட்டைப் பார்த்தார். அது ஓரங்களில் உலரத் தொடங்கியிருந்தது.

“இல்ல,” என்றார்.

“இல்லையா? பின்ன எதுக்குய்யா எந்திரிச்சீங்க?”

“இப்ப எடுத்தா ஜெயிச்சிடுவோம். வேலைக்குப் போனவங்க சாயந்தரம் வந்து கேட்டா என்ன சொல்றது? நீ அந்தப் பக்கம் திரும்பினப்ப மாத்திட்டோம்னா? எப்படியாவது ஜெயிச்சாப் போதும்ங்கிற இந்த மாதிரி வேலையைப் பார்த்துத்தான் எனக்கு வெறுத்துப் போச்சு. அதனாலதான் ஆமான்னு போட்டேன். இப்ப நானே அதைச் செய்யணுமா?” அவர் மூச்சு வாங்கினார். “முப்பது நாளுக்குள்ள மனு கொடுத்தா மறுஓட்டு வைக்கணும்னு சட்டம் இருக்கில்ல?”

மேவிஸ் ஊர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் விரல்விட்டுக் கணக்கிட்டு, “ஊர் வாக்காளர் பட்டியல்ல நூத்துக்கு அஞ்சு பேர். முப்பத்து நாலு கையெழுத்து,” என்றார்.

“அதை நான் வாங்கிட்டு வர்றேன். எல்லாரும் வரக்கூடிய ஒரு நேரத்துல வைங்க. அப்பவும் ஆமான்னு வந்தா, வந்துட்டுப் போகுது.”

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“உட்காருங்க. மூணு தடவை கேட்டாச்சு. ஒன்பதாவது தீர்மானம், நாய் உரிமம்.”

சுத்தியல் விழுந்தது. கதவு மூடப்பட்டது. நாய் உரிமத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்கள்.

கூட்டம் கலைந்ததும் எழுத்தரிடம் மனுத்தாள் வாங்கிக்கொண்டு ஆர்லன் சமையலறைக்குப் போனார். வின்னி பீன்ஸ் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“மணிக்கூண்டு வாயைத் திறந்திடுச்சு,” என்றார் திரும்பாமல்.

“வின்னி...”

“நாப்பது வருஷம் உனக்கு ரெண்டாவது துண்டு ஆப்பிள் பை எடுத்து மறைச்சு வெச்சிருக்கேன், துரோகி. சரி, ஆமான்னு போட்ட. மனுஷன்தானே, போய்த் தொலையுது. ஆனா கையில கிடைச்சதைத் தரையில போட்டுட்டு வந்து நிக்கிற பார், அதைத்தான் தாங்க முடியல. உனக்கு நேர்மை இன்னைக்குத்தான் வரணுமா? காலையில வந்திருந்தா ஒரு ஓட்டாவது மிச்சமாயிருக்கும்.”

ஆர்லன் தாளை மேசைமேல் வைத்தார். முதல் வரியில் தம் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு, பேனாவை அவரிடம் நீட்டினார்.

வின்னி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, தாளை முழுவதும் வாசித்தார். பேனாவை வாங்கவில்லை.

“என் கையெழுத்து மலிவு. இங்க மிச்சமிருக்கிற கிழடுங்க கையெழுத்தெல்லாம் மலிவு. சாயந்தரத்துக்குள்ள நானே வாங்கிடுவேன். அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? நீ பெருசாப் பேசினேல்ல, வேலைக்குப் போனவங்கன்னு. போ, அவங்ககிட்ட வாங்கு. முப்பத்து மூணு சேர்ந்ததும் வா, கடைசி வரி என்னுது.” பின்பு அலுமினியத் தாளில் பொதிந்த ஏதோவொன்றை மேசையில் தள்ளினார். “ஆப்பிள் பை. எடுத்துட்டுப் போ. மறைச்சு வெச்சது வீணாகக் கூடாது.”

ஐந்தரை மணிக்கு வெளிச்சம் மங்கியது. ஆர்லன் தம் பழைய டிரக்கைக் கல்லுடைப்புச் சாலையில் செலுத்தினார். ஓடையைக் கடக்கும் இடத்தில் நிறுத்தி இறங்கினார். புதுக் குழாயின் வாய் பளபளவென்று இருந்தது. உருகும் பனிநீர் அதில் முக்கால் அளவு நிறைந்து போயிற்று. மழை இன்னும் தொடங்கவே இல்லை. அவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார்.

ராய்ஸின் முற்றத்தில் பால் டேங்கர் நின்றது. நாய் குரைத்தது, பிறகு ஆளை அடையாளம் கண்டு, குரைப்பை நிறுத்தி வாலை ஆட்டியது. நாய்க்கு வீம்பு இல்லை. கதவைத் திறந்த ராய்ஸ், ஓராண்டுக்குப் பின் வாசலில் நிற்கும் அண்டைவீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

“ரோடு அத்துக்கிச்சா?” என்றார்.

“இன்னும் இல்ல.”

“அப்புறம்?”

ஆர்லன் தாளை நீட்டினார். ராய்ஸ் வாசல் விளக்கின் கீழ் பிடித்து, உதட்டை அசைத்து வாசித்தார். முகம் இறுகியது.

“காலையில ஜெயிச்சதைச் சாயந்தரமே புடுங்க வந்துட்டியா? நான் ஆமான்னு போட்டவன், தெரியுமில்ல?”

“தெரியும். நானும்தான்.”

“நீயா?”

“நான்தான்.”

ராய்ஸ் தாளைத் தாழ்த்தினார். “உனக்கு என்னய்யா கேடு? நீ அந்தக் கூட்டத்துலயே பொறந்தவனாச்சே.”

“போன வருஷம் நீ கத்தினதைக் கேட்டப்ப, இதோட போதும்னு தோணிச்சு. எனக்காகக் கத்தினாங்களே, அவனுங்களைக் கேட்டப்ப இன்னும் நல்லாத் தோணிச்சு.”

ராய்ஸ் ஓடைப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து எதுவும் தெரியாது; நீரின் ஒலி மட்டும் கேட்கும்.

“பதினெட்டுதான் திரும்பவும் போட்டிருக்கானுங்க,” என்றார்.

“பார்த்தேன்.”

“தினம் முழு லோடோட அதுமேல போறேன். ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடிச்சுக்கிறேன்.” தாளை மீண்டும் உயர்த்தினார். “எப்ப வைக்கப் போறாங்க?”

“சனிக்கிழமை கேட்கலாம்னு இருக்கேன்.”

“மாட்டுக்குச் சனிக்கிழமை தெரியாது.”

“வண்டியை எத்தனை மணிக்கு நிறுத்துவ?”

“அஞ்சு. சேறு இருந்தா அஞ்சரை.”

“அப்ப ஆறரைக்கு வைக்கச் சொல்றேன்.”

ராய்ஸ் பேனாவை வாங்கினார். குளிரில் மை உறைந்து எழுத மறுத்தது. அதன் முனையை வாய்க்கருகே வைத்து ஊதினார்.

“இப்பவே சொல்லிடறேன். இதுல கையெழுத்துப் போட்டாலும், அன்னைக்கும் நான் ஆமான்னுதான் ஓட்டுப் போடுவேன்.”

“போடு.”

“குழாயைப் பத்திப் பேச விடுவாங்கன்னா ஒருவேளை யோசிப்பேன்.”

“யோசி.”

கதவுச் சட்டத்தில் தாளை வைத்து அழுத்தி, ராய்ஸ் தம் பெயரை எழுதினார். அது இரண்டாவது கையெழுத்து. உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆர்லனின் கையிலிருந்த அலுமினியப் பொட்டலத்தைச் சுட்டி, “அது வின்னியோட ஆப்பிள் பையா?” என்று கேட்டார்.

“ஆமா.”

“அதையாவது பாதி வெட்டிக் கொடுத்துட்டுப் போ.”

வாசற்படியில் நின்றபடியே பேனாக்கத்தியால் இரண்டாக வெட்டினார்கள். பின்பு ஆர்லன் வண்டியைத் திருப்பினார். இன்னும் முப்பத்திரண்டு கையெழுத்து வேண்டும். எதிர்க்குன்றின் மேட்டுச் சாலையில் ஒன்பது வீடுகளில் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு வாசலிலும், முதலில், தாம் என்ன எழுதினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் குழாயின்மீது மெதுவாக ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடந்தார்.